வெள்ளம் கேறும் சுவரும் கறுப்புக் காகிதமும்

வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஈரத்தைப் பற்றியவை. ஜூனில் பிடிக்கும் தென்மேற்கு மழை விட்டு, சுவர் காய்ந்ததா இல்லையா என்று தொட்டுப் பார்ப்பதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. தக்கலையில் இருந்துகொண்டு 35 வருடம் சைட் சைட்டாக அலைந்தவன் நான். அதனால் இந்த இதழ் முழுவதையும் ஈரத்துக்கே கொடுத்துவிட்டேன்.

*

கேள்வி: ஐயா, புதுக்கடை பக்கம் 1,400 சதுர அடியில் வீடு தொடங்கியிருக்கிறோம். பேஸ்மெண்ட் முடிந்து, அதன்மேல் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டாயிற்று. என் தம்பி கனடாவில் இருக்கிறான். அங்கே வீட்டைச் சுற்றிலும் கறுப்புக் காகிதம் அடித்து, அதன்மேல்தான் சிமெண்ட் பூசுகிறார்களாம். ‘பில்டிங் பேப்பர்’ என்கிறான். வரும்போது இரண்டு ரோல் கொண்டுவரவா என்று கேட்கிறான். எங்கள் கொத்தனாரோ, “பூச்சுல வாட்டர்புரூஃப் கலக்கப் போறோம்லா, பேப்பர் எதுக்கு?” என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கருங்கல்

பதில்: தம்பி சொல்வது அந்த ஊருக்குச் சரி. கொத்தனார் சொல்வது பாதி சரி. ரோல் கொண்டுவர வேண்டாம், அந்தப் பெட்டி எடையில் வேறு ஏதாவது கொண்டுவரட்டும். ஆனால் அந்தக் காகிதம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுக்கும் உதவும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்துப் போர்ட்லாந்தில் ஆறு மாதம் இருந்தோம். குளிர்காலம் முழுக்க மழை பெய்யும் ஊர். பக்கத்து மனையில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் வேலி ஓரமாகப் போய் நின்றுவிடுவேன். செங்கல் கிடையாது. நாலு இஞ்ச் மரச் சட்டங்களை நிறுத்தி, வெளிப்பக்கம் பிளைவுட் மாதிரிப் பலகை அடிக்கிறார்கள். அந்தப் பலகை நனைந்தால் உப்பும், பிறகு மட்கும். சட்டமும் மட்கினால் வீடே போச்சு. அந்தப் பலகையைக் காக்கத்தான் தாரில் ஊறவைத்த காகிதம். மூன்று அடி அகல ரோல். ‘பதினைந்து பவுண்டு’ என்று ஒரு வகையைச் சொல்வார்கள். 100 சதுர அடிக் காகிதம் ஒரு காலத்தில் 15 பவுண்டு எடை இருந்ததால் வந்த பெயர் அது. இப்போது வருவது அதைவிட லேசு. பல இடங்களில் காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் நாரால் செய்த வெள்ளை உறையும் வந்துவிட்டது.

அவர்கள் அதை அடித்த முறையைப் பார்த்தபோது எனக்கு எங்கள் அப்பா ஓலை மேய்ந்ததுதான் நினைவுக்கு வந்தது. கீழிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது வரிசை முதல் வரிசையின் மேல் ஏறி உட்கார வேண்டும். மேலே இருப்பது எப்போதும் கீழே இருப்பதற்கு வெளிப்பக்கம். படுக்கை இணைப்பில் குறைந்தது 2 இஞ்ச், நிமிர்ந்த இணைப்பில் 6 இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. ஜன்னல் வந்தால் முதலில் அடிப்பட்டி, அப்புறம் இரண்டு பக்கப் பட்டி, கடைசியாகத் தலைப்பட்டி. ஒரே ஒரு இடத்தில் மேல் காகிதம் உள்ளே போய்க் கீழ்க் காகிதம் வெளியே வந்துவிட்டால், வழிந்து வரும் தண்ணீரை அந்த மடிப்பு வாய் திறந்து உள்ளே வாங்கும். தடுப்பே இல்லாத சுவரைவிட அது மோசம். உள்ளே போனது தெரியாது, வெளியே வரவும் வழியில்லை.

உங்கள் தம்பி சொன்ன சிமெண்ட் பூச்சுக்கு அவர்கள் இரண்டு அடுக்குக் காகிதம் அடிக்கிறார்கள். வெளி அடுக்கு பூச்சோடு ஒட்டிப்போகும். உள் அடுக்கு ஒட்டாமல் தனியாக நிற்கும். பூச்சைத் தாண்டி வரும் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் இறங்கி, சுவரின் அடியில் விட்டிருக்கும் இடைவெளி வழியாக வெளியே போய்விடும். மழை உள்ளே வரவே வராது என்று அவர்கள் நம்பவில்லை. வரும் என்று வைத்துக்கொண்டு, போக வழி செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இன்னொரு குணமும் அந்தக் காகிதத்துக்கு உண்டு. வழியும் தண்ணீரைத் தடுக்கும், ஆவியை ஓரளவு விடும். காகிதமே ஈரமானால் இன்னும் அதிகமாக விடும். அதனால் பலகைக்குள் போன ஈரம் மெல்ல மெல்ல வெளியே காயும். பாலித்தீன் ஷீட் அப்படி இல்லை, இரண்டையும் அடைத்துவிடும். இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மார்த்தாண்டம் வாசகருக்கான பதிலில் மறுபடி வருகிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்களுடையது செங்கல் சுவர். பூச்சு செங்கலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் காகிதம் வைத்தால் பிடிப்பு போய், தட்டினால் ‘டொக் டொக்’ என்று கேட்கும், பிறகு பாளமாக விழும். நம் சுவர் வேறு மாதிரி வேலை செய்கிறது. மழையில் கொஞ்சம் குடிக்கும், வெயில் அடித்தால் விட்டுவிடும். 9 இஞ்ச் கனமும் நல்ல பூச்சும் இருந்தால் குடித்தது உள்ளே வந்து சேர்வதற்குள் மழை விட்டுவிடும். ஆகவே மேலிருந்து வரும் மழைக்குக் காகிதம் வேண்டாம், நிழல் வேண்டும். தென்மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு 2 அடி சன்ஷேட் போடுங்கள். அதன் அடியில் விளிம்பிலிருந்து ஒரு இஞ்ச் உள்ளே நீளமாக ஒரு வரிக்குழி விடச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அந்தக் குழியில் அறுந்து சொட்டிவிடும், சுவருக்கு ஓடி வராது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது ஓவியத்தை விட்டுவிட்டு ஓட்டின் இறக்கத்தைப் பாருங்கள், சுவரில் மழை படாதபடி எவ்வளவு தூரம் வெளியே நீட்டியிருக்கிறார்கள் என்று தெரியும்.

உங்கள் வீட்டில் தார் வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதற்கான நாள் இப்போதுதான், பெல்ட்டின் மேல் முதல் வரிச் செங்கல் வைப்பதற்கு முன்னால். பெல்ட் நன்றாகக் காய்ந்ததும் தூசி தட்டி, சூடான தார் சதுர மீட்டருக்கு 1.7 கிலோ கணக்கில் பூசி, சூடு ஆறுவதற்குள் மேலே கொஞ்சம் மணல் தூவச் சொல்லுங்கள். மணல் இருந்தால்தான் அடுத்த சாந்து பிடிக்கும். தார் ஃபெல்ட் (தார் ஊறிய ஷீட்) கிடைத்தால் சுவர் அகலத்துக்கு வெட்டி விரிக்கலாம், அதற்கு ஐ.எஸ். 1322 என்று தர எண் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வெளிச்சுவருக்கு மட்டும் பூசி, உள் பிரிசுவர்களை விட்டுவிடுவார்கள். விடக் கூடாது, மண் எல்லாச் சுவருக்கும் அடியில்தான் இருக்கிறது. பெல்ட் வெளித் தரையிலிருந்து குறைந்தது 6 இஞ்ச் உயரத்தில் இருக்க வேண்டும்.

கொத்தனார் சொல்லும் வாட்டர்புரூஃப் கலவையும் நல்லதுதான், பையில் எழுதியிருக்கும் அளவுக்குக் கலக்கட்டும். ஆனால் பூச்சில் வெடிப்பு விழுந்தால் அது காப்பாற்றாது. 7 நாளாவது நனைத்தால் வெடிப்பு குறையும்.

*

கேள்வி: நாகர்கோவிலை ஒட்டி, முன்பு ஏலாவாக (வயலாக) இருந்து நிரத்திய மனையில் வீடு கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. கீழே மூன்று அடி உயரத்துக்குச் சுவர் முழுக்கப் பெயிண்ட் பொரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கிறது. உள் சுவரிலும் அப்படியே. இரண்டு தடவை புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தோம். போன வருடம் ஹாலில் மூன்று அடிக்கு டைல்ஸ் ஒட்டினோம். இப்போது டைல்ஸுக்கு மேலே பொரிகிறது! கொத்தனார் “வெள்ளம் கேறுது” (தண்ணீர் ஏறுகிறது) என்கிறார். என்ன செய்ய?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கொத்தனார் ஒரே சொல்லில் நோயைச் சொல்லிவிட்டார். செங்கல்லுக்குள் முடியைவிட மெல்லிய குழல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அவற்றில் தண்ணீர் கேறும். சாதாரணமாக ஒரு மீட்டர் வரைக்கும் கேறி, அங்கே காற்றுபட்டு ஆவியாகிவிடும். மண்ணிலிருந்து கொண்டுவந்த உப்பை அங்கேயே வைத்துவிட்டுப் போகும். அந்த உப்பு பூச்சுக்குள் படிகமாக வளரும்போது பூச்சைத் தள்ளி உடைக்கிறது. டைல்ஸ் ஒட்டியதும் என்ன ஆயிற்று? ஆவியாகப் போக இருந்த மூன்று அடியையும் மூடிவிட்டீர்கள். தண்ணீர் இன்னும் மேலே ஏறி வழி தேடுகிறது.

ஒழுக்கு என்றால் திட்டுத் திட்டாக, ஒரு குழாய்க்குப் பக்கத்திலோ ஒரு மூலையிலோ இருக்கும். எல்லாச் சுவரிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் நின்றால், தண்ணீர் வருவது அடியிலிருந்துதான்.

இதை நான் என் வீட்டிலேயே பட்டிருக்கிறேன். பெல்ட்டின் மேல் தார் எல்லாம் நானே நின்று பூசவைத்த வீடு. பதினோரு வருடம் ஒரு குறையும் இல்லை. மழையில் முற்றம் சேறாகிறது என்று, சுற்றிலும் மண் அடித்து உயர்த்தி இன்டர்லாக் கல் பதித்தோம். அடுத்த மழைக்கே அம்மா படுக்கும் அறையில் பெயிண்ட் பொரியத் தொடங்கியது. அம்மாவுக்கு ஏற்கெனவே இளைப்பு. ஈரச் சுவரின் பூசணம் இரவெல்லாம் அவரை இருமவைத்தது. நான் பைப்பைச் சந்தேகப்பட்டேன், மாடியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் வெளியே குந்தி உட்கார்ந்து பார்த்தால், இன்டர்லாக் மட்டம் பெல்ட்டுக்கு மேலே நாலு விரல் உயரத்தில் நிற்கிறது. தடுப்பு இருந்த இடத்துக்கு மேலேயே மண்ணைக் கொண்டுபோய்ச் சாய்த்திருக்கிறோம்! சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து, பெல்ட்டுக்கு அரை அடி கீழே வரைக்கும் மண்ணை வாரி, முக்கால் இஞ்ச் மெட்டல் (கருங்கல் ஜல்லி) நிரப்பினோம். வேறு எந்த மருந்தும் போடவில்லை. ஒரு கோடை போனதும் அந்தச் சுவர் காய்ந்தது. நம் மாவட்டத்தில் இப்போது முற்றத்துக்கு இன்டர்லாக் போடாத வீடு குறைவு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீங்களும் முதலில் வெளியே போய் அந்த மட்டத்தைப் பாருங்கள். வெளிப்பூச்சு பெல்ட்டைத் தாண்டி இறங்கி மண்ணைத் தொட்டாலும் அதுவே ஏணி ஆகிவிடும். அந்தப் பூச்சைப் பெல்ட் மட்டத்தில் வெட்டி எடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், கட்டும்போது தடுப்பே போடவில்லை என்று பொருள். அதற்கும் வழி உண்டு. தரையை ஒட்டிய சாந்து வரிசையில் 10 முதல் 12 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளை போட்டு, சிலேன் அடங்கிய கிரீம் மருந்தை உள்ளே செலுத்துவார்கள். அது குழல்களின் சுவரில் படிந்து தண்ணீர் ஒட்டாமல் செய்யும். துளையின் ஆழம் சுவரின் கனத்தில் பெரும்பகுதி இருக்க வேண்டும். சும்மா இரண்டு இஞ்ச் போட்டுவிட்டுப் போகிறவர்களை விடாதீர்கள்.

அதன்பிறகு பொறுமை வேண்டும். டைல்ஸையும் பொரிந்த பூச்சையும், ஈரக் கோட்டுக்கு மேல் ஓர் அடி சேர்த்து, தட்டி எடுத்துவிடுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டிப் பெருக்குங்கள், கழுவ வேண்டாம், கழுவினால் மறுபடி உள்ளே போகும். ஒரு இஞ்ச் கனச் சுவர் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. 9 இஞ்ச் சுவருக்கு ஒன்பது மாதம்! அவ்வளவு நாள் செங்கல் தெரிய வீடு கிடப்பது கஷ்டம்தான், தெரிகிறது. ஜனவரியில் தட்டினால் மே வரைக்கும் நல்ல காய்ச்சல் கிடைக்கும், ஹாலை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு கலந்த சாந்து நல்லது, சுவரை மூச்சுவிட விடும். புட்டியும் எண்ணெய்ப் பெயிண்டும் அந்த மூன்று அடியில் இனி வேண்டவே வேண்டாம்.

*

கேள்வி: குலசேகரத்தில் அப்பா கட்டிய ஓட்டு வீடு. ஒக்கி புயல் அடித்த அன்று ஓட்டிடுக்கில் மழை அடித்துப் பலகை மச்சு எல்லாம் நனைந்து கறுத்துவிட்டது. இப்போது ஓட்டை இறக்கி மறுபடி மேயப் போகிறோம். ஓட்டுக்கு அடியில் தார்க்காகிதம் விரிக்கலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: விரியுங்கள். கருங்கல் வாசகியிடம் வேண்டாம் என்று சொன்ன காகிதத்துக்கு, உங்கள் கூரையில்தான் உண்மையான இடம். காக்க வேண்டியது மரம், வரும் தண்ணீர் மேலிருந்து. காற்றில்லாத மழைக்கு ஓடு போதும். 2017 நவம்பர் 30 அன்று பார்த்தோமே, மழை படுக்கையாக வந்தது. அந்த மாதிரி நாளுக்கு ஓட்டுக்கு அடியில் இரண்டாவது கூரை ஒன்று வேண்டும்.

பலகையின் மேல் இறவாணத்திலிருந்து (கூரையின் கீழ் விளிம்பிலிருந்து) தொடங்கி மேலே போங்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையின் மேல் 4 இஞ்சாவது ஏறட்டும். கூரை உச்சியில், மோட்டில், ஒரு பக்கத்துக் காகிதத்தை மறுபக்கத்துக்கு மடித்துப் போடுங்கள். கீழ் முனை பலகைக்குள் முடியாமல் மழைத்தண்ணீர் வடியும் பாத்திக்குள் வந்து தொங்க வேண்டும், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். காகிதத்தின் மேல் நேராகக் குறுக்குப் பட்டியல் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய மரச் சட்டம்) அடித்தால் இறங்கி வரும் தண்ணீர் ஒவ்வொரு பட்டியலிலும் தேங்கும். அதனால் முதலில் சரிவு வாக்கில் மேலிருந்து கீழாக ஒரு இஞ்ச் சட்டம், அதன்மேல் குறுக்குப் பட்டியல், அதன்மேல் ஓடு. அந்த ஒரு இஞ்ச் இடுக்கில் காற்றும் ஓடும். நீங்கள் ரப்பர் ஊர்க்காரர், கீழே காற்று புகுந்து மேலே வெளியேறாமல் ஷீட் காயாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மலிவு என்று சாதாரண பாலித்தீனை விரித்துவிடாதீர்கள், அடியில் வியர்த்துப் பலகையைக் கெடுக்கும். ஆவி விடும் கூரை ஷீட் இப்போது விற்கிறார்கள், தார் வாசனை பிடிக்காதவர்களுக்கு அது நல்லது. எதை விரித்தாலும் வாரக்கணக்கில் வெயிலில் திறந்து போடாமல் உடனே ஓட்டை ஏற்றிவிடுங்கள்.

*

கேள்வி: தரைக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கச் சொல்கிறார்கள். எந்தக் கனம்?
– வாசகி, திருவட்டாறு

பதில்: 1000 கேஜ், அதாவது ஏறக்குறைய 250 மைக்ரான். மெட்டலின் கூர் குத்தாமல் இருக்க அடியில் 2 இஞ்ச் மணல் பரப்பி அதன்மேல் விரியுங்கள். இணைப்பில் 6 இஞ்ச் ஏற்றி டேப் ஒட்டுங்கள். சுவர் ஓரத்தில் ஷீட்டை மேலே மடித்துப் பெல்ட் மேலுள்ள தாரோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓரம் வழியாகவே ஈரம் வரும். கான்கிரீட் போடும் அன்று யாரும் மண்வெட்டியால் கிழிக்காமல் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.

*

கேள்வி: குளச்சலில் கடலுக்கு மிக அருகில் வீடு. மழையே இல்லாத நாளிலும் சுவர் நசநசக்கிறது. தார்ஷீட் ஒட்டினால் நிற்குமா?
– வாசகர், குளச்சல்

பதில்: நிற்காது. உங்கள் சுவருக்குள் உப்பு இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பாவில் மூடாமல் வைத்த கல்லுப்பு மழைக்காலத்தில் நீர்த்துப்போகிறது அல்லவா, அதே சங்கதிதான். காற்றிலிருக்கும் ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்கிறது. கட்டும்போது கடல் மணலோ உப்புத் தண்ணீரோ சேர்ந்திருந்தால் வெளியே எதை ஒட்டியும் பயனில்லை. பூச்சை எடுத்துவிட்டு, கழுவிய ஆற்று மணலிலோ எம்.சாண்டிலோ நல்ல தண்ணீரில் மறுபடி பூச வேண்டும். அதைவிட முக்கியம், கான்கிரீட் தூண்களிலும் பீம்களிலும் கம்பி நீளத்துக்கு வெடிப்பு தெரிகிறதா என்று ஒரு பொறியாளரை வைத்துப் பாருங்கள். உப்பு கம்பியைத் தின்னத் தொடங்கியிருந்தால் அதுதான் முதல் வேலை.

*

கேள்வி: மார்த்தாண்டத்தில் மாடி படுக்கையறைக்கு ஏசி போட்டு, மேற்குச் சுவர் முழுவதும் மரப் பேனல் அடித்தோம். ஈரம் வராமலிருக்கச் சுவருக்கும் பேனலுக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஷீட்டும் வைத்தார்கள். ஒரு வருடத்தில் ஒரே நாற்றம். ஒரு பேனலைக் கழற்றினால் பின்னால் கரும் பூசணம். ஷீட் வைத்தும் எப்படி?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஷீட் வைத்ததால்தான். அந்தப் பழக்கம் குளிர்நாட்டிலிருந்து வந்தது. அங்கே வெளியே பனி, உள்ளே ஹீட்டர். சமையல், குளியல், மூச்சு என்று உள்ளேதான் ஆவி அதிகம். அது சுவர் வழியாக வெளியே போகும்போது குளிர்ந்த பலகையில் பட்டுத் தண்ணீராகும். ஆகவே ஆவித் தடுப்பை உட்பக்கம் வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். வெளியே புழுக்கம், உள்ளே ஏசியின் குளிர். மேற்குச் சுவர் ஜூன், ஜூலையில் மழையைக் குடிக்கிறது, மழை விட்டு வெயில் பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி உட்பக்கம் தள்ளப்படுகிறது. வந்தால் எதிரே குளிர்ந்த பிளாஸ்டிக். சோற்றுப் பானை மூடியின் அடியில் வியர்ப்பதுபோல் வியர்த்து, நடுவில் மாட்டிக்கொண்டது.

எல்லாப் பேனலையும் கழற்றி ஷீட்டைத் தூக்கிப் போடுங்கள். பூசணத்தைத் துடைக்கும்போது மாஸ்க் போட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். வெளிச்சுவரில் வெடிப்புகளை அடைத்து, மழையைத் தடுத்து ஆவியை விடும் வெளிப்புறப் பெயிண்ட் அடியுங்கள். ஏசியை 24, 25-இல் வைத்தால் சுவர் அவ்வளவு குளிராது.

பேனலை மறுபடி அடிக்க அவசரப்படாதீர்கள். ஓர் அடிச் சதுரப் பாலித்தீனை எடுத்து, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் முழுக்கக் காய்ந்து இருக்கும்வரை மாதம் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகு அடித்தாலும், சுவரிலிருந்து ஒரு இஞ்ச் தள்ளி, கீழும் மேலும் காற்றுப் போக இடுக்கு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.